அட்டையில் இல்லாத பதில்

ரத்தத்தைப் படிக்க விஞ்ஞானம் கற்றுக்கொண்டுவிட்டது. படித்த சேதியை யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வது என்பதைச் சமூகம் இன்னும் கற்கவில்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் 2023 ஜூலை 1 அன்று பிரதமர் நரேந்திர மோடி ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பழங்குடி மக்களுக்கு அன்று அவர் கொடுத்தது பட்டாவோ ரேஷன் கார்டோ அல்ல. அவரவர் ரத்தத்தைப் பற்றிய அட்டை. அதை வைத்திருப்பவரின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இல்லையா, ஒற்றையாக இருக்கிறதா, இரட்டையாக இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். 17 மாநிலங்களில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். 2047-க்குள் இந்த ரத்தசோகை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போகவேண்டும் என்பது இலக்கு.

உயிரித் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் என்றதும் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் குனிந்து நிற்கும் காட்சிதான் மனதில் எழும். மத்திய அரசு 1986-இல் இதற்கென்றே தனித் துறை கண்டது. 2024-இல் இந்திய உயிரிப் பொருளாதாரத்தின் மதிப்பு 16,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக அரசு கணக்குச் சொல்கிறது; 2030-க்குள் 30,000 கோடி டாலர் என்பது கனவு. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் சமூகத்துக்குள் காலடி வைக்கும் இடத்தைப் பார்க்க ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போகவேண்டியதில்லை. கையகலமுள்ள அந்த அட்டை போதும்.

மண்டலா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கோண்டு இனப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது 19. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். ஒருநாளும் பெரிதாகக் காய்ச்சல் கண்டு படுத்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தபோது எல்லோரோடும் வரிசையில் நின்று விரலை நீட்டினாள். சில நாள் கழித்து வந்த அட்டை, அவளிடம் மரபணு ஒற்றையாக இருப்பதாகச் சொன்னது. அவளுக்கு ஒரு வரனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இனி நடக்கப்போவதை எந்தச் சோதனைச்சாலையும் தீர்மானிக்கப் போவதில்லை.

நோயைச் சற்றுத் தெரிந்துகொள்ளவேண்டும். ரத்தச் சிவப்பணு சாதாரணமாக வட்டமாக, வளைந்துகொடுக்கும் தன்மையோடு இருக்கும். தலைமுடியை விட மெல்லிய நாளங்களிலும் நெளிந்து போய்விடும். அரிவாள் செல் நோயாளியின் உடலில் அது பிராணவாயுவை இறக்கிவிட்ட பிறகு விறைத்து, கதிர் அரிவாள்போல வளைந்து, நாளங்களில் மாட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தின் 'சிக்கிள்' தமிழ்க் காதில் 'சிக்கல்' என்று விழுந்தால் அதில் பிழையில்லை. சிக்கிய இடத்தில் ரத்தம் நிற்கும். எலும்பிலும் மூட்டிலும் நெஞ்சிலும் தாங்கமுடியாத வலி கிளம்பும். மண்ணீரல் கெடும், தொற்றுகள் எளிதில் தாக்கும், சிலருக்குச் சிறுவயதிலேயே பக்கவாதம்கூட வரும்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஓர் எழுத்துப் பிழை. நோயைப் புரிந்துகொண்ட வரலாறு நவீன உயிரியலின் வரலாறாகவே இருக்கிறது. சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் 1910-இல் இந்த விசித்திர அணுக்களைப் பற்றி எழுதினார். லைனஸ் பாலிங்கும் அவர் சகாக்களும் 1949-இல் இதை 'மூலக்கூறு நோய்' என்று அழைத்தார்கள். ஒரு நோயின் வேரை ஒரு மூலக்கூறில் அடையாளம் காட்டியது அதுவே முதல் தடவை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள் உண்டு. அவற்றில் ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருப்பதை வெர்னான் இங்ரம் ஐம்பதுகளின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார். குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் இது முதலில் தெரியவந்த இடங்களில் ஒன்று நீலகிரி. லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு 1952-இல் அறிவித்தார்கள். பிறகு மத்திய இந்தியாவின் காட்டுப்பகுதி முழுக்க, குஜராத் முதல் ஒடிஸா வரை, ஒரு பட்டையாக இந்த மரபணு விரிந்து கிடப்பது தெரிந்தது. பழங்குடிகள் மட்டுமல்ல, சத்தீஸ்கரிலும் விதர்பாவிலும் தலித், பிற்பட்ட வகுப்புகளிலும் இது உண்டு. சில பழங்குடிச் சமூகங்களில் மூன்றில் ஒருவர் வரை இதை ஒற்றையாகக் கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பேரிடம் இது ஏன் தங்கியது? காரணம் மலேரியா. மரபணு ஒற்றையாக இருப்பவரைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று அந்தனி அலிசன் 1954-இல் காட்டினார். கொசு மண்டிய காடுகளில் பல தலைமுறைக் குழந்தைகளைப் பிழைக்கவைத்த காவல்தான் இது. அந்தக் காவலுக்குக் கட்டிய வரிதான் நோய். அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி உயிரோடு இருந்ததற்கே இது காரணமாக இருந்திருக்கலாம். அட்டையில் அதற்கு இடம் இல்லை.

கணக்கு எளிமையானது. தாயிடமும் தந்தையிடமும் மரபணு ஒற்றையாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை நோயோடு பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்து மற்றவரிடம் கோளாறு இல்லையென்றால் குழந்தைக்கு இந்த நோய் வராது. அதாவது மண்டலாப் பெண் நோயாளி அல்ல. நோயாளி ஆகப்போகிறவளும் அல்ல. அவள் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம். மாப்பிள்ளையும் ஒரு தடவை விரலை நீட்டினால் போதும்.

இதைச் சொல்லத்தான் அந்த அட்டை. ஆனால் அட்டை பேசும் பாஷை வேறு.

மருத்துவத் தமிழ் இவளைப் போன்றவர்களை 'நோய் கடத்தி' என்கிறது. மின்கம்பியும் கடத்திதான். விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபடுபவரும் கடத்துகிறவர்தான். இந்தியில் 'வாஹக்', மலேரியா பரப்பும் கொசுவுக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. எந்த மலேரியாவை எதிர்த்து அவள் முன்னோரின் ரத்தம் இந்தக் குணத்தைச் சேர்த்துவைத்ததோ, அதைப் பரப்பும் பூச்சியின் பெயரே அவளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வரன் வீட்டில் யாராவது ஓர் அத்தை "பொண்ணுக்கு ஏதோ ரத்த வியாதியாமே?" என்று ஆரம்பித்தால், பீட்டா சங்கிலியின் ஆறாவது கண்ணியைப் பற்றி அங்கே யார் விளக்குவது? மாப்பிள்ளையின் அட்டையை யாரும் கேட்கப் போவதில்லை. பெண்ணின் அட்டைதான் தட்டில் வைக்கப்படும், ஜாதகத்துக்குப் பக்கத்தில்.

இது வீண் பயம் அல்ல. இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிரீஸில் ஆர்க்கோமெனோஸ் என்ற ஊர். அங்கும் பழைய மலேரியாப் பகுதிகளைப் போல அரிவாள் செல் மரபணு பரவலாக உண்டு. எழுபதுகளில் ஆராய்ச்சியாளர்கள் ஊரைப் பரிசோதித்து, யார் யாரிடம் இது இருக்கிறது என்று அவரவருக்குச் சொன்னார்கள், ஆலோசனையும் கொடுத்தார்கள். மக்கள் தெரிந்துகொண்டு விவேகமாக ஜோடி சேர்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. திரும்ப வந்து பார்த்தபோது மரபணு உள்ளவர்கள்மேல் ஒரு களங்கம் விழுந்திருந்தது. பலர் திருமணப் பேச்சில் உண்மையை மறைத்தார்கள். மறைத்தவரும் மறைத்தவரும் சந்தித்தார்கள். முடிவில், மரபணு உள்ள இருவர் ஒருவரையொருவர் மணப்பது, பரிசோதனையே நடக்காவிட்டால் எந்த அளவில் இருக்குமோ அதே அளவில்தான் இருந்தது. விஞ்ஞானம் சரி, கணக்கும் சரி. ஊரைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அமெரிக்கா அதே காலகட்டத்தில் வேறு தவறு செய்தது. கறுப்பின மக்களின் நோய் என்று காலங்காலமாக அலட்சியப்படுத்தப்பட்டதற்குப் பரிகாரமாக 1972-இல் ஒரு தேசியச் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் மாநிலங்கள் போட்டிபோட்டுக்கொண்டு கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் கொண்டுவந்தன. பள்ளியில் சேரவும் கல்யாண லைசென்ஸ் வாங்கவும் ரத்தம் கொடுக்கவேண்டியிருந்தது. சில சட்டங்களை எழுதியவர்களுக்கே நோய்க்கும் ஒற்றை மரபணுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் மறுக்கப்பட்டது, வேலை மறுக்கப்பட்டது. விமானப்படை அகாதமி இவர்களைச் சேர்க்காமலிருந்த விதி 1981-இல்தான் போனது. நல்ல எண்ணத்தில் தொடங்கிய திட்டத்தின்மேல் கறுப்பின மக்களுக்குச் சந்தேகம் விழுந்தது.

மூன்றாவது கதை சைப்ரஸ் தீவுடையது. அங்கே பிரச்சினை இதன் உறவுக்கார நோயான தலசீமியா. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, மணமக்கள் பரிசோதனைச் சான்றிதழ் கொண்டுவரவேண்டும் என்று எண்பதுகளில் விதித்தது. கேட்கப் பயங்கரமாக இருக்கிறதல்லவா? ஆனால் சான்றிதழில் ஒரு நுட்பம். இருவரும் பரிசோதித்துக்கொண்டார்கள், ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டுமே அதில் இருக்கும். முடிவு என்ன என்று இருக்காது. அது அந்த இருவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிந்த சேதி. பாதிரியாருக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. மரபணு உள்ள ஜோடிகளில் பெரும்பாலோர் பிரியாமல் மணந்துகொண்டார்கள். கர்ப்பகாலப் பரிசோதனையின் உதவியோடு தீவில் தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பூஜ்யத்தை நெருங்கியது.

மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே விஞ்ஞானம்தான். விளைவைத் தீர்மானித்தது ஒரு காகிதத்தில் என்ன எழுதப்பட்டது, அதை யார் படிக்கலாம் என்பதுதான்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு, உள்ளூரிலேயே பாடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பரிசோதிக்கும் முறை எழுபதுகளின் மத்தியில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வந்தது. கருவின் மரபணுக் கோளாறுகளைக் கண்டறிவதுதான் நோக்கம். ஆனால் அந்த நீரில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்பது. விஞ்ஞானம் ஒரு கேள்வியோடு வந்தது; சமூகம் தன் கேள்வியைக் கேட்டது. தனியார் கிளினிக்குகள் முளைத்தன, பிறகு ஸ்கேன் வந்தது. மகாராஷ்டிரம் 1988-இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. ஆனால் 1991-இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 என்று இருந்த பெண் குழந்தைகள், 2001 கணக்கெடுப்பில் 927 ஆகிவிட்டார்கள். கருவிமேல் குற்றமில்லை என்று சொல்வது சுலபம். கருவி எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்காமல் கொடுத்தவர்கள்மேல் குற்றமில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லமுடியாது.

அந்தச் சட்டமே ஹீமோகுளோபின் கோளாறுகளுக்காகக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது. ஆகவே அந்த மண்டலாப் பெண் பிற்காலத்தில் இன்னொரு கேள்வியையும் எதிர்கொள்ளலாம். இந்த நோய் எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை. ஒரு பிள்ளை மாதாமாதம் ஆஸ்பத்திரியில் கிடக்கும், இன்னொன்று படித்து வேலைக்குப் போகும். எது பிறக்கும் என்று அந்தப் பரிசோதனையால் சொல்லமுடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் முடிவெடுக்க அவளுக்கு வேண்டியது இலக்கு அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாஷையில், அவசரமில்லாமல் பேச ஒருவர் வேண்டும். இயக்கத்தின் ஏட்டில் ஆலோசனை என்ற சொல் உண்டு. கோடிக்கணக்கில் விரல்களைக் குத்துவது, கோடிக்கணக்கில் பேசுவதை விட எளிது.

இனி சிகிச்சையின் கதை. இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய உயிரியல் சாகசம் இந்த நோயில்தான் நடந்திருக்கிறது. கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்காக இமானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூன்றே ஆண்டில், 2023 நவம்பரில், அந்தக் கத்தரியைப் பயன்படுத்தும் உலகின் முதல் சிகிச்சையைப் பிரிட்டன் அங்கீகரித்தது. காஸ்ஜெவி என்று பெயர். அடுத்த மாதம் அமெரிக்காவும் அங்கீகரித்தது.

அது வேலை செய்யும் விதம் ஒரு நல்ல கதை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. அதற்கு அரிவாளாக வளையத் தெரியாது. பிறந்த சில மாதங்களில் உடல் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடும். குறைக்கும் அந்த ஸ்விட்சைத்தான் கத்தரி செயலிழக்கச் செய்கிறது. நோயாளியின் மூல அணுக்களை எடுத்து, வெளியே வைத்துத் திருத்தி, எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களைக் கடும் மருந்தால் அழித்து, திருத்தியவற்றைத் திரும்பச் செலுத்துகிறார்கள். பல வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். குழந்தை பெறும் திறன் போகும் அபாயம் உண்டு. பலன் வியக்கத்தக்கது: வருஷக்கணக்காக வலியோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வலி நெருக்கடி இல்லாத மாதங்களைக் கண்டார்கள்.

இந்தியாவில் பல நோயாளிகளிடம் இயற்கையே இந்த வேலையை ஓரளவு செய்துவைத்திருக்கிறது. இங்கே பரவலாக உள்ள மரபணு வகையில் அந்தக் கருக்கால ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் சற்று அதிகமாகவே இருக்கும். அதனால் சிலருக்கு நோய் சற்று மிதமாக இருக்கிறது. மனிதன் கோடிகள் செலவழித்துக் கண்டுபிடித்த உபாயத்தைக் காட்டுக்குள் ரத்தம் எப்போதோ பழகியிருந்தது.

கோடிகள் என்றால் எத்தனை? அமெரிக்காவில் காஸ்ஜெவியின் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய், ஒரே ஒரு நோயாளிக்கு. மண்டலாவின் ஒரு கிராமத்தை வீடு, மாடு, நிலத்தோடு விற்றாலும் வராத தொகை.

இந்திய விஞ்ஞானிகள் இதற்குச் சும்மா இருக்கவில்லை. டெல்லியிலுள்ள மரபணுத் தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் கழகம் தனக்கென ஒரு கிரிஸ்பர் கத்தரியை உருவாக்கியது. அதைக் கொண்டு செய்த அரிவாள் செல் சிகிச்சையை 2025 நவம்பரில் மத்திய அரசு 'பிர்ஸா 101' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. தயாரிப்புக்காகத் தொழில்நுட்பம் சீரம் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தரப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு இதைத் தருவது நோக்கம். மகிழவேண்டிய விஷயம்தான். இதே போல மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய்க்கான செல் சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்று, அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வந்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் மலிவு என்பது ஒப்பிட்டுச் சொல்லும் வார்த்தை. அந்தப் பத்தில் ஒரு பங்கே பல லட்ச ரூபாய்.

பிர்ஸா முண்டா 1900-இல், 24 வயதில், ராஞ்சி சிறையில் இறந்தவர். காட்டையும் நிலத்தையும் அவற்றின் மக்களிடமிருந்து பிடுங்குவதை எதிர்த்தவர். அவர் பெயரை ஒரு மருந்துக்கு வைப்பது மரியாதை என்றால், அந்த மரியாதை ஒரு நிபந்தனையையும் கூடவே கொண்டுவருகிறது. யாருடைய ரத்தம் இந்த ஆராய்ச்சிக்கு ஆதாரமோ அவர்கள் கைக்கு எட்டாமல் மருந்து நின்றுவிட்டால், அந்தப் பெயரே அதன்மேல் குற்றச்சாட்டாகிவிடும்.

மருந்து வரும்வரை என்ன செய்வது? ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 1998-லேயே இந்த நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. அதுவும் அதே கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, வலியைக் குறைக்கிறது. இந்தியாவில் தயாராகிறது; விலை எட்டாத ஒன்றல்ல. அதோடு தடுப்பூசி, சிறு குழந்தைகளுக்குப் பென்சிலின், வலி வந்தால் நம்பி உடனே சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆஸ்பத்திரி. நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்கள் இப்படித்தான் வருஷக்கணக்காக இந்த நோயாளிகளைக் கவனித்துவருகின்றன. இதில் நோபல் பரிசுக்குரிய எதுவும் இல்லை. மருந்து மாதம் தவறாமல் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மலைப்பாதையின் முடிவிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் அதுதான் மிகக் கடினமான தொழில்நுட்பம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் எண்பதுகளில் குடியேறிய டாக்டர்கள் அபய் பங்க், ராணி பங்க் தம்பதிக்கு ஓர் அனுபவம். அந்த மாவட்டத்தில் அரிவாள் செல் நோய் இருப்பதை அவர்கள் ஆராய்ந்து வெளிப்படுத்தினார்கள். விஞ்ஞானிகள் ஆர்வம் காட்டினார்கள். மக்கள் காட்டவில்லை. அது ஆராய்ச்சியாளரின் கேள்வியே தவிர மக்களின் கேள்வி அல்ல என்று டாக்டர்களுக்கு உறைத்தது. பிறகு அவர்கள் மக்களிடமே கேட்டுத் தொடங்கிய வேலைகளில் ஒன்றுதான் பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றும் முறை. அதன் பலன் 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இன்று நாடு முழுவதும் ஆஷா ஊழியர்கள் பிறந்த குழந்தையைப் பார்க்க வீடு தேடிப் போவதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. அதனால் அரிவாள் செல் நோய் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. கேட்காமல் கொண்டுவரும் நன்மையைக்கூட மக்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள் என்பதே செய்தி.

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி. நீரிழிவு அவர்களை வாட்டியது. அதற்கு விடை கிடைக்கும் என்று தொண்ணூறுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் மனநோய் பற்றிய ஆய்வுக்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது பின்னால் தெரிந்தது. வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. அதை விட அவர்கள் முக்கியமாகக் கருதியது இன்னொன்று: உறைநிலையில் இருந்த தங்கள் ரத்தத்தைத் திரும்பப் பெற்று ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தியாவில் 2025-இன் நடுப்பகுதிக்குள் 6 கோடிப் பேருக்கு மேல் பரிசோதித்தாகிவிட்டது. நோயோடு இருப்பதாகத் தெரியவந்தவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம். மரபணு ஒற்றையாக உள்ளவர்கள் 16 லட்சத்துக்கும் அதிகம். நோயாளிகளுக்குச் சட்டம் சில கதவுகளைத் திறந்திருக்கிறது: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இந்த நோயையும் சேர்த்துக்கொண்டது. மரபணுவைக் காட்டி இன்ஷ்யூரன்ஸில் பாரபட்சம் காட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. ஆனால் அந்த 16 லட்சம் பேர் நோயாளிகளே அல்ல. அவர்கள் நேற்றுவரை ஒன்றும் இல்லாதவர்கள். இன்று ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. கல்யாணப் பேச்சில் எந்த நீதிமன்றமும் உட்காருவதில்லை.

இயக்கத்தின் பெயரில் இருக்கும் 'உன்மூலன்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஒழிப்பு என்பார்கள்; நேர்ப்பொருள் வேரோடு பிடுங்குதல். பெரியம்மையை ஒழித்தார்கள், இந்தியாவில் போலியோவை ஒழித்தார்கள். அந்த வைரஸ்களை மனிதனிடமிருந்து பிரித்து விரட்டமுடிந்தது. இந்த மரபணுவுக்கு வெளியே ஒரு வீடு இல்லை. அது மண்டலாவிலும் கூடலூரிலும் இருக்கும் மனிதர்களின் எலும்புக்குள் இருக்கிறது. எதை ஒழிக்கிறோம் என்று அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கலாம்: வலியை, அகால மரணத்தை. முகாமில் வரிசையில் நிற்பவருக்கு அது அப்படித்தான் கேட்கிறதா என்பது வேறு விஷயம்.

சீன விஞ்ஞானி ஒருவர் 2018-இல் கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்து, பிறகு சிறைக்கும் போனார். வேண்டியபடி பிள்ளை பெறும் காலம் வந்துவிடுமோ என்று உலகம் அப்போது அலறியது. அந்தப் பயம் நியாயமானது. இந்தியாவிலும் கருவைத் திருத்தத் தடை இருக்கிறது. ஆனால் உயிரித் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் எப்போதும் அப்படிப் பரபரப்போடு வந்து நிற்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமாக வருகிறது. நல்லதாகவே வருகிறது. அதை நல்லதாகவே வைத்துக்கொள்ளும் பொறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செய்யவேண்டியவை பெரிய செலவில்லாதவை. முடிவு சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியட்டும். ஊர்ப் பட்டியலில் வேண்டாம். பெண்ணைக் கேட்குமுன் பையனைப் பரிசோதிக்கட்டும். ஒற்றை மரபணு நோய் அல்ல என்பதைக் கோண்டியிலும் பணியர் மொழியிலும் சொல்ல ஆட்களைத் தயார்செய்யட்டும். அவர்களை அழைக்க ஒரு கௌரவமான சொல்லைக் கண்டுபிடிக்கட்டும். அந்த மக்களிடமே கேட்டால் கிடைக்கும்.

மண்டலாப் பெண்ணின் அட்டை வீட்டில் எங்கோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரன் வீட்டார் அடுத்த வாரம் வருகிறார்கள். அம்மா கேட்கிறாள், "அதைக் காட்டலாமா, வேண்டாமா?" பிராணவாயுவை ஏற்றி இறக்கும் மூலக்கூறின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த விஞ்ஞானத்திடம் இதற்குப் பதில் இல்லை. "காட்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் பிள்ளையின் அட்டையையும் கொண்டுவரச் சொல்" என்று தயங்காமல் சொல்ல ஊரில் நாலு பேர் இருந்தால், அன்றைக்கு அந்த அட்டை வேலை செய்யத் தொடங்கும்.